தோள் கொடுக்கக் கேட்ட அனுமதி

தம்பியின் சவப்பெட்டி வந்த அன்று காலையில் நான் செய்த முதல் வேலை, பிளேன்டீக்குச் சீனி போதுமா என்று டப்பாவைத் திறந்து பார்த்ததுதான். அழவில்லை. செய்தி வந்ததிலிருந்தே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருப்பதே தெரியாதே, உடம்பு முழுக்க அப்படிக் கிடந்தது. அம்மாதான் எனக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

தம்பி ஆமியில் சிப்பாயாக இருந்தான். எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து சேர்ந்த ஒரே பையன். சண்டையெல்லாம் முடிந்து எத்தனையோ வருடம் கழித்துத்தான் சேர்ந்தான். "போயும் போயும் ஆமிக்கா?" என்று லயத்து வீடுகளில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். "ஏன், ரப்பர்ப் பால் வெட்டிக்கிட்டே சாவணுமா?" என்று அவன் சிரித்தான். வடக்கே மண்ணுக்குள் கிடக்கிற பழைய கண்ணிவெடிகளைத் தோண்டி எடுக்கும் பிரிவில் போட்டார்கள். அதில் ஒன்று வெடித்துவிட்டது.

பெட்டியைத் திறக்கக் கூடாது என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். போனை எடுத்தது நான்தான். மாவனல்லை டவுனில் துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறேன். சிங்களம் எனக்குத் தடையில்லாமல் வரும். அதனால் வீட்டுக்கு வருகிற கெட்ட செய்தி எல்லாம் என் வாய் வழியாகத்தான் வரவேண்டும் என்று எழுதியிருக்கிறது.

"மூஞ்சியக்கூடப் பாக்க முடியாதா?" என்றார் அப்பா.

"சீல் வச்சிருக்காங்களாம்ப்பா."

அப்பா சொன்னார்: "அப்ப நான் தோள் குடுக்கணும். தூக்குனாத் தெரிஞ்சிரும், உள்ள புள்ள இருக்கானா, சும்மா மண்ண வச்சு மூடிட்டாங்களான்னு."

"என்னப்பா பேச்சு இது!" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அதற்குப் பிறகு என் மண்டையிலும் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால், பெட்டியை லயத்து ஆண்கள் தோள் மாற்றி மாற்றி மயானம் வரை கொண்டுபோவார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்றெல்லாம் கிடையாது. ஒருவருக்கு வலித்தால் அடுத்தவர் உள்ளே புகுந்துகொள்வார். பெற்றவர் தோள் கொடுப்பதும் உண்டு, யாரும் தடுக்க மாட்டார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று அப்பா நினைத்திருக்கவே மாட்டார்.

ஜீப் ஒன்று, பெட்டியோடு லாரி ஒன்று, பின்னால் ஒரு பஸ் வந்து நின்றன. பஸ்ஸிலிருந்து சிப்பாய்கள் இறங்கினார்கள். அவர்களைக் கண்டதும் அம்மா அழுகையை நிறுத்தி, முகத்தைக் கழுவிக்கொண்டு, டீத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். எல்லோரும் தம்பியின் கூட்டாளிகள் என்று அவளுக்கு நினைப்பு. எனக்கும் அப்படித்தான்.

"எம்மவன் கடைசியா என்னா சாப்பிட்டான்னு கேளுடி" என்றாள்.

கேட்டேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அக்கே, நாங்கள் அவரைப் பார்த்ததே இல்லை" என்றான் ஒருவன் சிங்களத்தில். பெட்டி தூக்க வந்தவர்கள் பக்கத்துக் கேம்பைச் சேர்ந்தவர்களாம். மரியாதைக்குத் துப்பாக்கி சுட வந்தவர்கள் வேறு இடம். பியூகிள் குழல் ஊதுகிறவர்கள் இன்னொரு இடம். அதிகாரி, தம்பியின் ரெஜிமென்ட் தலைமையகத்திலிருந்து வந்தவர். அவரும் தம்பியைப் பார்த்ததில்லை. அவனோடு ஒன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய பையன்கள் வடக்கே அதே நிலத்தில் வேலையில் இருந்தார்களாம். லீவு இல்லையாம்.

ஆமி என்றால் ஒரே கூட்டம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ரெஜிமென்டாம், அதற்குள் பட்டாலியனாம், அதற்குள் கம்பனியாம், பிளட்டூனாம். எங்கள் தோட்டம் மாதிரியேதான். மேல் டிவிசனில் யார் செத்தாலும் கீழ் டிவிசனுக்கு முகம் தெரியாது. அத்தனை பேரை ஒழுங்காக அனுப்பி வைத்தார்கள். தம்பியைத் தெரிந்த ஒருவனை மட்டும் அனுப்பவில்லை.

"பரவால்ல, குடிக்கச் சொல்லு" என்றாள் அம்மா. தட்டை ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டினாள்.

நான் அதிகாரியிடம் போனேன். சின்ன வயதுதான், மரியாதையான ஆள். அப்பா தோள் கொடுக்க வேண்டும் என்றேன்.

"பே நங்கி" என்றார். முடியாது தங்கச்சி. தூக்குகிறவர்களை ஒரே உயரமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறார்களாம். கால் எடுத்து வைப்பதுகூட ஒன்றாகப் பழகியதாம். நடுவில் வேறு ஆள் வந்தால் குலைந்துவிடுமாம். பெட்டிமேல் போர்த்தியிருக்கிற கொடியைக் குழியருகே மடித்து அப்பாவின் கையில்தான் கொடுப்போம் என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யார் நடக்கணும், யார் சுடணும், யார் ஊதணும், எல்லாத்துக்கும் உங்ககிட்ட இடம் இருக்கு சார். பெத்த அப்பனுக்கு எங்க இடம்? கொடிய வச்சு நாங்க என்ன செய்ய?" என்று சிங்களத்தில் கத்திவிட்டேன். லயமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அதிகாரி என் தலைக்கு மேலாக எதையோ பார்த்தார். அப்பா துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, லாரிக்குப் பின்னால் தயாராக நின்றுகொண்டிருந்தார். அதிகாரி சார்ஜன்டைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். இடது பக்கத்தில் இரண்டு பேருக்கு நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டார்கள்.

பெட்டியைத் தூக்கினார்கள். நான் நேர் பின்னால் நின்றேன். அதனால் எனக்கு முழுக்கத் தெரிந்தது.

அப்பா குள்ளம். அந்தப் பையன்கள் எல்லோரும் நெடுநெடுவென்று ஒரே அளவு. பெட்டி அவர்கள் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்பாவின் துண்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் வெறும் காற்று. குதிகாலை உயர்த்திப் பார்த்தார், எட்டவில்லை. கையை மேலே நீட்டினார். தொங்கிய கொடித்துணிதான் விரலில் பட்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவே அந்த ஏற்றம் முழுக்க அப்படியே நடந்தார். அவர்கள் ஒரு எட்டு வைத்தால் அவருக்கு இரண்டு எட்டு. மூச்சு வாங்கியது. மேட்டிலும் அவர்கள் பெட்டியைச் சாயவிடவில்லை, அவ்வளவு பழக்கம். இறக்குங்கடா என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் மயானம் வந்துவிட்டது.

எங்கள் சர்ச் பாதர் ஜெபம் சொன்னார். சுட்டார்கள், ஊதினார்கள், குழிக்குள் இறக்கினார்கள். கொடியை மடித்துக் கொடுத்தார்கள். அப்பா அதை என் கையில் தந்துவிட்டு நேராகப் போய், தனக்கு முன்னால் தூக்கி வந்த பையனுக்கு எதிரே நின்றார். அவன் வரிசையில் விறைத்து நின்றான். வரிசையில் நிற்கிறவன் பேசக்கூடாது.

"புத்தே, பரத?" என்றார், தன் அரைகுறைச் சிங்களத்தில். மகனே, கனமா இருந்திச்சா?

பையன் நேராகவே பார்த்துக்கொண்டு நின்றான். கழுத்தில் வியர்வை வழிந்தது. சார்ஜன்ட் ஓரடி முன்னால் வந்தார், பிறகு நின்றுவிட்டார். பையனின் உதடு மட்டும் அசைந்தது.

"பரய் தாத்தே. கொடாக் பரய்." கனம் அப்பா. ரொம்பக் கனம்.

அப்பா கையைத் தூக்கி, பெட்டி இருந்த அவன் தோளில் வைத்தார். சட்டை அங்கே கசங்கி ஈரமாக இருந்தது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துக்கொண்டே நின்றார். நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.