விக்டர் அண்ணை ஏன் அவ்வளவு சத்தமாக வாசித்தார்

விக்டர் அண்ணை போய்விட்டார். காலையில் பாலையூற்றிலிருந்து அவருடைய தங்கச்சி போன் பண்ணினார்... "அண்ணை நித்திரையிலேயே போயிட்டார்."

திருகோணமலையில் ஜாஸ் கிற்றார் வாசித்த ஒருவர் இருந்தார் என்பதே இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. கப்பல்காரர் விட்டுப்போன ரெக்கோர்டுகளைக் கேட்டுக் கேட்டே பழகியவர். கொழும்பு ஹோட்டல்களில் வாசித்தார். பிறகு உப்புவெளி ஹோட்டலில் எங்கள் பான்ட்... நான் பாடினேன்.

ஒரு பாட்டை இரண்டாம் தரம் அதே மாதிரி வாசிக்க மாட்டார். எங்கே நுழைவது என்று தெரியாமல் முழிப்பேன். "பயப்பிடாதை பிள்ளை, நீ வாற இடத்தில நான் நிப்பன்" என்பார். நிற்பார்.

சண்டை தொடங்கியது. வெள்ளைக்காரர் வருவது நின்று ஹோட்டலும் மூடிப்போனது. அண்ணை துறைமுகத்தில் ஒரு ஸ்டோரில் வேலைக்குப் போனார்.

பிறகு படையினரின் ஒரு சுற்றிவளைப்பில் அவருடைய ஒரே மகன் ஜெரோமைப் பிடித்துக்கொண்டு போனார்கள். துறைமுகத்தடி முகாமுக்குள்தான் ட்ரக் போனது என்று கண்டவர்கள் சொன்னார்கள். முகாமில் கேட்டால், அப்படி ஒருவரும் இங்கே இல்லை.

அண்ணை நாள்தோறும் அந்த வாசலில் போய் நின்றார். ஒரு நாள் அதிகாரி ஒருவர் அவரை அடையாளம் கண்டார்... ஹோட்டலில் கேட்டிருக்கிறாராம். ஞாயிறு மத்தியானம் முகாமில் விருந்து, வந்து வாசிக்கச் சொன்னார்.

அண்ணை என்னையும் கூப்பிட்டார். எனக்குக் கோபம். "அவங்களுக்கு என்னெண்டு பாடுறது? என்னால ஏலாது அண்ணை."

"எனக்காக வா பிள்ளை." போனேன்.

ஸ்பீக்கரை அவர் சாப்பாட்டு மேசைகளின் பக்கம் வைக்கவில்லை. பின்னால் இருந்த கட்டடங்களைப் பார்க்கத் திருப்பி வைத்தார். சத்தத்தை முழுக்கக் கூட்டினார். குறைக்கச் சொல்லிக் கை காட்டினார்கள். தலையாட்டினார்... குறைக்கவில்லை. ஜெரோம் சின்னதில் கேட்டு நித்திரையாகும் மெட்டு ஒன்று. அதையே திரும்பத் திரும்ப, ஒன்றையும் மாற்றாமல் வாசித்தார்.

திரும்பி வரும்போது கேட்டேன், ஏன் அவ்வளவு சத்தம் என்று.

"பெடியன் உள்ளுக்கு இருந்தால் கேட்டிருப்பான். அப்பா வந்து நிக்கிறார் எண்டு விளங்கியிருக்கும்."

முகாமில் போய் வாசித்தவர்கள் என்று ஊரில் சிலர் எங்களோடு கதைப்பதை விட்டார்கள். அண்ணை ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். ஜெரோம் வரவில்லை... இன்றுவரை வரவில்லை.

அதன்பின் அண்ணை கிற்றாரைத் தொடவில்லை. ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "அவன் கேட்டவனோ இல்லையோ எண்டு தெரியாமல் எப்பிடிப் பிள்ளை வாசிக்கிறது?"

நாளை பின்னேரம் அடக்கம். பயணம் செய்ய என் உடம்பு விடாது.

மேலே போய் மகனைக் காண்பீர்கள் என்று எழுத வந்தேன் அண்ணை. எழுத முடியவில்லை. எழுதினால் அவன் உயிரோடு இல்லை என்று நானே சொன்னதாகிவிடும்.

படுங்கோ அண்ணை.