அக்காவின் கடைசிப் பந்தி

கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தில் கப்பல் ஊதினால் யன்னல் கண்ணாடி அதிரும் ஒரு வீட்டில் எங்கள் அக்கா பிறந்தார். தட்டெழுத்தாளராக வேலை பார்த்தார். மணமாகி வெள்ளவத்தைக்கு வந்தார். அத்தான் இளவயதிலேயே இறந்துபோக, மகளைத் தனியே வளர்த்தெடுத்தார். கோபம் வந்தால் மின்விசிறியைக்கூடத் திட்டுவார். பசியோடு வந்தவரைத் திட்டியதில்லை.

தான் எழுதிய எதையும் சத்தமாக வாசித்துப் பாராமல் கைவிட்டுப் போக விடமாட்டார். என் கவிதைகளுக்கும் அதே விசாரணைதான்.

"வாசிச்சுப் பாத்தனியோடா?"

"ஓம் அக்கா."

"கண்ணால பாத்திருப்பாய். வாயால வாசி, உனக்கே வெக்கமா இருக்கும்."

அக்காவுக்கான இந்த நினைவு மலரை நான் அப்படி வாசிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குள் அச்சாக வேண்டுமென்ற அவசரம். பலரும் செய்வதுபோல முந்திய மலரை, எங்கள் அம்மாவுக்கு அக்கா எழுதியதை, எடுத்துப் பெயரையும் ஊரையும் மாற்றினேன். அச்சகத்திலிருந்து வந்த பிரதியைக் கைபேசியில் பார்த்த உறவுகள், "நல்லா வந்திருக்கு" என்றார்கள். அக்காவின் மகள் மட்டும் சாவைச் சொல்லும் கடைசிப் பந்தியில் விரலை வைத்தாள்.

"மாமா, பிள்ளையள் சூழ, தேவாரம் கேட்டுக்கொண்டு கண்மூடினது அம்மம்மாவெல்லோ? அம்மான்ர சாவு எங்க?"

அந்தப் பந்தியைச் சத்தமாக வாசித்தேன். குரல் எனக்குப் பின்னாலிருந்து வருவது போலிருந்தது. அம்மாவின் சாவு அக்காவின் வாழ்க்கைக்குள் வந்து படுத்துக் கிடந்தது.

"நல்ல சாவுதானே, கிடக்கட்டும். ஆர் பாக்கப்போகினம்?" என்றார் கனடாவிலிருந்து பெரியண்ணா.

"நல்ல சாவுதான் பெரியமாமா. அம்மான்ர இல்லை."

நடந்தது இதுதான். கடைசி நாள் மாலை, கரையோர ரயில் போன பின் அக்கா கதவைப் பார்த்து, "ஆர் அங்க நிக்கிறது?" என்று கேட்டார். கதவடியில் ஒருவரும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். கட்டிலைச் சுற்றி நின்ற எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கஞ்சி கொண்டுவந்திருந்த கீழ்வீட்டு முஸ்லிம் பெண்மணி, எங்கள் ராத்தா, மெல்ல நடந்து கதவடியில் போய் நின்றார்.

"நான்தான் ஈக்கிறன் புள்ள. பயப்புட வாணாம்."

அவரைப் பார்த்தபடியே அக்கா போனார்.

பழைய பந்தியை எடுத்துவிட்டு இதை எழுதி, அக்காவின் மகளுக்கு முன்னால் வாசித்தேன். ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை அவள்.

வைத்தியசாலைக்கு ஓடியவர்களுக்கும், சமைத்துத் தந்தவர்களுக்கும், தெஹிவளையிலிருந்தும் கடல் கடந்தும் வந்து தோள்கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. மாலை ரயில் போனதும் நாங்கள் இன்னும் அந்தக் கதவைப் பார்க்கிறோம். அங்கே ஆளாய் நின்றதற்கு, ராத்தா, உங்களுக்கு எங்கள் நன்றி.