கிட்டாரில் மச்சான் எழுதிய பெயர்

என் அக்கா வீட்டுக்காரரை எல்லோரும் எழுத்துக்காரர் என்பார்கள். எனக்கு மச்சான். முப்பது வருஷமாகப் பலகை, வண்டி, கடைக் கண்ணாடி என்று எதைக் கொடுத்தாலும் எழுதுவார். கோடு போட்டுக்கொள்ளாமலே வரி நேராக வரும். அதனால் வந்த திமிரும் உண்டு, இல்லையென்று நான் பொய் சொல்ல மாட்டேன். பக்கத்து மருந்துக்கடைக்காரர் பலகைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார் என்று, தலைவலி மாத்திரையை நாலு தெரு தள்ளிப் போய் வாங்குகிற மனுஷன். அவர் பட்டறையில் தேய்ப்பது, பாலீஷ் போடுவது எல்லாம் நான்.

அவருக்கு ஒரே மகள், சிட்டு என்று கூப்பிடுவோம். பிறவியிலேயே இடது கைக்காரி. அது மச்சானுக்கு ஆகவே ஆகாது. இடது கையால் எழுதினால், ஈரம் காயாத எழுத்தின் மேலேயே கை தேய்த்துக்கொண்டு போகும். எழுத்துக்காரன் மகளுக்கு அது அவமானமாம். அவள் இடது கையில் பென்சிலைப் பிடித்தால் போதும், எழுதும்போது கைக்கு முட்டுக் கொடுக்க வைத்திருக்கிற கோலால் விரல் முட்டியில் ஒரு தட்டு விழும். நான் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்ததில்லை. ஆறு வயதில் அவள் வலது கைக்கு மாறிவிட்டாள். மகளைச் சரி பண்ணிவிட்டதாக மச்சான் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிட்டார் கேட்டாள். பிழைக்கிற வழியைப் பார் என்று மச்சான் எரிந்து விழுந்தார். வார்த்தை தடித்தது. வேலை கிடைத்ததும் விடுதிக்குப் போனவள்தான், வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. அக்காவிடம் மட்டும் போனில் பேசுவாள். மச்சான் எடுத்தால் வைத்துவிடுவாள்.

விடுதியில் தோழியின் கிட்டாரை வாங்கி வாசிக்கப் பழகிவிட்டாள் என்று அக்கா ஒருநாள் சொன்னாள். மறு வாரமே மச்சான் கருப்புக் கிட்டார் ஒன்றோடு வந்து நின்றார். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"இதுல அவ பேரை எழுதிக் குடுக்கப்போறேன். ஒரே ஒரு தடவை அப்பான்னு கூப்பிட்டுட்டான்னா போதும் மாப்ள" என்றார்.

அந்த வாயிலிருந்தா இப்படி ஒரு பேச்சு என்று எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது.

பளபளப்பின் மேல் பெயிண்ட் நிற்காது. நின்றாலும் நாளைக்கே உரிந்து வரும். எழுத்து விழுகிற இடத்தை மட்டும் நான் வாட்டர் பேப்பரை நனைத்து லேசாகத் தேய்த்து மங்கலாக்கினேன். மச்சான் பெயரைத் தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகக் குத்தி, கிட்டாரின் மேல் வைத்துச் சாக்பீஸ் தூளைத் தட்டினார். தாளை எடுத்ததும் வெள்ளைப் புள்ளிகளில் ‘சிட்டு’ தெரிந்தது. வாசிக்கிற மாதிரி என்னைப் பிடிக்கச் சொல்லி, பத்தடி தள்ளிப் போய் நாலு தடவை பார்த்தார். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு நேராகத் தெரிய வேண்டுமாம். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு தங்க நிறத்தில் எழுதினார். காய்ந்ததும் அதன் மேல் நான் மூன்று கோட்டிங் வார்னிஷ் அடித்துப் பாலீஷ் போட்டேன். விரலால் தடவினால் எழுத்தின் விளிம்பே தட்டாது. அவர் வாழ்நாளில் அதைவிட அழகாக எதையும் எழுதியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சிட்டு வந்தாள். சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு மத்தியானமே கிளம்பிவிடுவதாக அக்காவிடம் சொல்லிவிட்டாள். மச்சானை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்காதான் கையைப் பிடித்துப் பட்டறைக்கு இழுத்து வந்தாள்.

மேசையில் கிட்டார். சிட்டு பெயரைத் தடவிப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிட்டாரை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே திருப்பிப் பிடித்தாள். கழுத்துப் பக்கத்தை வலது கை பிடித்துக்கொண்டது. இடது கை கம்பிகளின் மேல் இறங்கியது. பெயர் தலைகீழாக நின்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப்பாவி மகளே, இத்தனை வருஷமும் அந்தக் கையை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்? ஒரே வீட்டில் சாப்பிட்டோம், ஒரே கூடத்தில் தூங்கினோம். ஒருத்தருக்கும் தெரியவில்லையே. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் பேயறைந்த மாதிரி நின்றார். அவர் கண் பெயரின் மேல் இல்லை, அந்த இடது கை முட்டியின் மேலேயே இருந்தது. அவள் என்ன வாசித்தாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காது அடைத்துப் போயிருந்தது.

வாசித்து முடித்தாள். பெயரை அழித்துவிட்டுத் திருப்பி எழுதித் தருகிறேன் என்று மச்சான் ஏதோ முனகினார். அழித்தால் மேல்பூச்சு மொத்தமும் நாசமாகும் என்று அவருக்குத் தெரியாததா? இருந்தும் சொன்னார்.

சிட்டு குனிந்து மடியைப் பார்த்தாள்.

"வேணாம்ப்பா. இங்கேருந்து பார்த்தா நேராத்தான் இருக்கு. அங்கே நிக்கிறவங்களுக்குத்தான் தலைகீழ்."

மச்சான் மேசையைச் சுற்றிக்கொண்டு போய், மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, தான் எழுதியதைப் படித்தார்.