பாப்பாயியும் சோடியமும்

வாலிகண்டபுரம் பாப்பாயிக்கு அறிவியல் என்றாலே வேப்பங்காய். சத்துணவுக் கூடத்தில் பல வருஷமாகச் சமையல் உதவியாளர். பத்தாவது தேறிவிட்டால் அமைப்பாளர் ஆகலாம். மற்ற பாடங்களில் எப்படியோ தேறிவிட்டாள். அறிவியல் மட்டும் மல்லுக்கு நின்றது. இந்தத் தடவையும் கோட்டை விட்டால், நேற்று வந்த யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவளை அதிகாரம் பண்ணுவார்கள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

சொல்லிக்கொடுத்தது மகள் நந்தினி. அவளுக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

“சோடியத்துக்குக் குறியீடு என்-ஏ. லத்தீன்ல அதுக்கு நேட்ரியம்னு பேரு. பொட்டாசியத்துக்கு கே. அது காலியம்.”

“ஒண்ணுக்கு எதுக்குடி ரெண்டு பேரு? வேலவெட்டி இல்லாதவனுவோ!”

“சரி, அத வுடு. யுரேனஸ் கிரகத்தோட பேரத்தான் யுரேனியத்துக்கு வச்சாங்க.”

“நம்ம சிவன் கோயில்ல ஒம்போது கிரகத்தயும் சுத்திட்டுத்தான் வரேன். அதுல யுரேனஸ் எங்கடி இருக்கு?”

நந்தினி தலையில் அடித்துக்கொண்டாள். சோறு வடிக்கும்போதுகூடப் பாப்பாயியின் மண்டைக்குள் சோடியமும் நேட்ரியமும் அடித்துக்கொண்டு கிடந்தன.

செய்முறைத் தேர்வு பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதற்குப் போகாவிட்டால் அறிவியலில் தேற முடியாது. வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார்கள். பாப்பாயி கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“செல்வம்மாள்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. யாரும் எழவில்லை. “செல்வம்மாள்!”

பாப்பாயிக்கு எரிச்சல். பக்கத்துப் பெண்ணிடம், “யாரும்மா அந்த மகராசி? பரீட்சயன்னிக்குக்கூட வராம எங்க ஊர் சுத்துறா?” என்றாள்.

“செல்வம்மாள் வரலன்னு போட்டுட்டேன்!” என்றது உள்ளேயிருந்த குரல்.

அந்தப் பெண் பாப்பாயியின் மடியிலிருந்த நுழைவுச்சீட்டை எட்டிப் பார்த்தாள். “அக்கா, உங்க போட்டாவுக்குக் கீழ செல்வம்மாள்னுல்ல இருக்கு?”

ஐயையோ! பள்ளிக்கூடத்தில் எழுதிய பேர் அதுதான். கையெழுத்தும் அப்படித்தான் போடுவாள். ஆனால் புருஷனிலிருந்து பால்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் பாப்பாயி. செல்வம்மாள் என்று வாய்விட்டு யாராவது கூப்பிட்டு எத்தனையோ வருஷமாயிற்று. செருப்பைக்கூட மாட்டாமல் உள்ளே ஓடினாள்.

தேர்வு நடத்திய டீச்சர் முறைத்தார். “பேரச் சொல்லிக் கூப்பிட்டா காது கேக்காதா?”

“அது எழுதுற பேருங்க டீச்சர். கூப்புடுற பேரு பாப்பாயி.”

டீச்சர் மேசையிலிருந்த உப்பைக் காட்டினார். “இதுல சோடியம் இருக்கு. குறியீடு சொல்லுங்க.”

“என்-ஏங்க.”

“இங்கிலீஷ்ல சோடியம்னு எழுதினா அந்த ரெண்டு எழுத்துமே வராதே, எப்படி?”

பாப்பாயி உப்பை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: “அதுவும் என்னாட்டம்தாங்க டீச்சர். கூப்புடுறது சோடியம், எழுதுறது நேட்ரியம். நேட்ரியம்னு கத்தினா, பாவம், அதுவும் திரும்பிப் பாக்காதுங்க.”

டீச்சர் சிரித்துவிட்டார். ‘வரவில்லை’ என்று எழுதியிருந்ததை அடித்தார்.

“சரி செல்வம்மாள், அந்த மேசைக்குப் போய்ச் செய்ய ஆரம்பிங்க.”

வேறு யாரையோ சொல்கிறார் என்று பாப்பாயி திரும்பிப் பார்த்தாள்.