சிவப்பு கிடாரின் இரண்டு குமிழ்கள்

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவுக்கு முதன்முதலாக எலெக்ட்ரிக் கிடார் வந்தது என் மாமாவோடுதான். அம்மாவின் ஒரே தம்பி. துபாயில் ஏதோ ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர், பெண் பார்ப்பதற்காக விடுமுறையில் வந்தபோது, சிவப்பாக மினுங்கும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஒரு குழுவில் வாசிப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அந்த கிடாரில் ஒரு வசதி இருந்தது. ஆம்ப்ளிபயரில் மாட்டாவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூட அது சரியாகக் கேட்காது. மாமா பீரோக் கண்ணாடி முன் நின்று, கண்ணை மூடித் தலையை ஆட்டி ஆட்டி வாசிப்பார். எங்களுக்குத் தந்திகள் கிசுகிசுப்பது மட்டும் கேட்கும். மிச்சத்தை நாங்களே நல்லபடியாகக் கற்பனை செய்துகொண்டோம்.

மாதா கோயில் திருவிழாவுக்குப் பாம்பனிலிருந்து பெண் வீட்டார் வருவதாக ஏற்பாடு. பாடற்குழுவோடு தம்பி மேடையில் வாசிப்பான் என்று அம்மா அவர்களுக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தவர் எழுந்து கடற்கரைக்குப் போவார். போன வேகத்தில் திரும்பி வருவார். எனக்குப் பத்து வயது. எனக்கும் கால் ஓரிடத்தில் தரிக்காது என்பதால் அவர் பின்னாலேயே நானும் அலைந்தேன்.

திருவிழா அன்று காலை ஒத்திகை. ஆம்ப்ளிபயரில் கிடாரை மாட்டினார்கள். மாமா தந்திகளை ஓங்கித் தட்டினார். ஒரு சத்தமும் இல்லை.

"செத்துப்போச்சு. இனிமே துபாய்க்குக் கொண்டுபோயித்தேன் பாக்கணும். நான் கீழ உக்காந்து பாட்டுக் கேட்டுக்கிறேன்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு தெளிச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா டீ குடிக்கப் போய்விட்டார்.

என்னால் சும்மா உட்கார முடியவில்லை. சவுண்ட் சர்வீஸ்காரரின் திருப்புளியை எடுத்து கிடாரின் முதுகில் இருந்த மூடியைக் கழற்றினேன்.

"ஏ புள்ள, அங்கன என்ன நோண்டுற?" என்று அதட்டிக்கொண்டு வந்த சவுண்ட் சர்வீஸ்காரர், உள்ளே பார்த்ததும் தானும் குனிந்துவிட்டார். தந்திகளுக்கு அடியில் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும். தந்தியின் அதிர்வை அதுதான் பிடிக்கிறது. அங்கிருந்து ஒரு வயர் முதல் குமிழுக்கு வருகிறது, அது சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். அதிலிருந்து ஒரு கிளை இரண்டாவது குமிழுக்கு. கடைசியில் எல்லாம் பின் சொருகும் துளைக்குப் போக வேண்டும். அந்தத் துளையின் முனையில் அவர் திருப்புளியால் தொட்டதும் ஸ்பீக்கர் உர்ரென்றது. குமிழ்ப் பக்கம் தொட்டால் ஊமை. நடுவில் வயர் இரண்டாகக் கிடந்தது.

"எலி கடிச்சிருச்சு" என்றேன். எங்கள் வீட்டு எலி கத்தரிக்கோல் பிடித்ததுபோல நேராகக் கடித்திருந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஈயத்தை உருக்கி ஒட்டவைத்தார்.

இரண்டாவது குமிழின் அடியில் மிட்டாய் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"கெப்பாசிட்டர். இந்தக் குமிழ இங்கிட்டுத் திருகுனா, கீச்சுச் சத்தத்த மட்டும் அது எர்த்துக்குள்ள விட்டுரும். கனத்த சத்தம் மட்டும் வெளிய வரும்."

திருகிப் பார்த்தேன். ஒரு பக்கம் கண்ணாடி உடைவதுபோல் தெளிவு; மறு பக்கம் போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் மந்தம். குமிழ் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை, இருப்பதில் எவ்வளவு போகவிடுவது என்றுதான் பார்க்கிறது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பி வந்த மாமாவிடம், "நாந்தேன் சரி பண்ணுனேன்!" என்று குதித்தேன். அவர் என் தலையைத் தடவினார். கை சில்லென்றிருந்தது.

சாயங்காலம் பூசை முடிந்து பாட்டு தொடங்கியது. பாம்பன் பெண் மஞ்சள் சேலையில், பெண்கள் வரிசையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாமா வாசித்தார்; தலை நன்றாக ஆடியது. ஆனால் கிணற்றடியிலிருந்து வருவதுபோல் ஒரு முனகல்தான் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இரண்டு குமிழும் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் கிடந்தன. பாவம், பதற்றத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மேடையில் ஏறி இரண்டையும் முழுக்கத் திருகிவிட்டேன்.

கிடார் அலறியது. அதற்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது: மாமாவுக்கு தந்தியில் மூன்றே மூன்று விரல்பிடிகள்தான் தெரியும், அவற்றில் ஒன்று தப்பு. பாட்டு ஒரு பக்கம், கிடார் ஒரு பக்கம். கூட்டம் சிரித்தது. மாமா நின்றுவிட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இம்புட்டுத்தேன் எனக்குத் தெரியும்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, அந்த மூன்றையே மறுபடி வாசித்தார். பாடற்குழுப் பிள்ளைகள் பாட்டை அதற்கேற்ப இழுத்துப் பாடி முடித்தார்கள்.

பெண் வீட்டார் சாப்பிடக்கூட நிற்காமல் கிளம்பினார்கள். அம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்களைப் பாம்பனுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

அங்கே அந்தப் பெண் என்னைத் தனியே உள்ளே கூப்பிட்டாள். "மேடைல ஏறித் திருகுனது நீதான?"

அடிக்கப்போகிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

"நல்ல காரியம் பண்ணுன. இல்லாட்டி அவுக யாருன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அவளுக்கும் கிடாரின் உட்புறத்தில் இவ்வளவு ஆர்வமா என்று எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் உட்கார்ந்து, கெப்பாசிட்டர் கீச்சுச் சத்தத்தை எப்படி எர்த்துக்கு விடுகிறது என்று ஆதியிலிருந்து விளக்கத் தொடங்கினேன். வாசல் பக்கம் மாமாவின் குரல் கேட்கும்போதெல்லாம் அங்கே பார்த்துக்கொண்டே, எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.