சீனாவிலை எவடம்?

யாழ்ப்பாணத்து ஆட்களோடு இது ஒரு தீராத தொல்லை. ஊரின் பெயரைச் சொன்னால் போதாது, "அதிலை எவடம்?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். எனக்கும் அந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது.

புலம்பெயர்ந்து வந்து ஃபாரஸ்ட் கேட்டில் கல்யாண மணவறைகளை வாடகைக்கு விடுகிறேன். மகளின் கல்யாணத்துக்கென்று மட்டும் புதிதாய் ஒன்று, அவளே வரைந்து தந்த மயில் தூண்களோடு, சீனாவில் ஒரு துறைமுக நகரில் செய்வித்தேன். தொழிற்சாலைப் பெண்மணியிடம் போனில் நகரின் பெயரைக் கேட்டவன் அதோடு நின்றேனா? அதில் எந்தப் பக்கம் என்றும் கேட்டேன். அவளும் பிறந்த இடத்தைச் சொல்லும் பெருமையோடு, படகுத்துறைப் பக்கத்து மாவட்டம் ஒன்றைச் சொன்னாள். இறக்குமதிக் காகிதத்தில் அதையே எழுதித் தொலைத்தேன்.

பெட்டி இங்கே துறைமுகத்தில் வந்து நின்றது. சரக்கு எடுத்துத் தரும் ஏஜென்ட், மதுரைக்காரர், போன் செய்தார்.

"சார், சீனாக்காரங்க பேப்பர்ல வேற மாவட்டம் இருக்கு. நீங்க எழுதின மாவட்டமே இப்ப கிடையாது."

"கிடையாதோ? அப்ப சாமான் ஆகாயத்தாலையோ வந்தது?" என்று கத்தினேன்.

சீனாவுக்குப் போன் அடித்தேன். அவள் ஆறுதலாக விளக்கினாள். முதலில் படகுத்துறை தனி மாவட்டமாம். பிறகு அக்கரையோடு சேர்த்தார்களாம். பிறகு துறைமுகத்தை மட்டும் பிரித்தெடுத்தார்களாம். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் புதுப்பெயர் வைத்தார்களாம். தாங்கள் மட்டும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வதாகச் சொல்லிச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சரித்திரத்தையா நான் கேட்டேன்?

காகிதத்தைத் திருத்திக் கொடுத்தும் பெட்டி அசையவில்லை. கல்யாணத்தன்று எட்மண்டன் மண்டபத்தில் என் பழைய மணவறையைத்தான் நிறுத்தினேன். முன் தூணின் அடியில் வெடிப்பு, அதில் வெள்ளை டேப். "பரவாயில்லை அப்பா," என்றாள் மகள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சம்பந்தி பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"புது மணவறை வருமெண்டியள், அண்ணை?"

"ஓம். சீனாவிலையிருந்து. போர்ட்டிலை நிக்குது."

"சீனாவிலை எவடம்?"

கடவுளே! என் முகத்தைப் பார்த்த மனைவி கையைக் கிள்ளினாள். மேடையைப் பார்த்தேன். கமராக்காரன் திரும்பும்போதெல்லாம், மகள் கூறைச்சேலையை மெல்ல இழுத்து அந்த டேப்பை மறைத்துக்கொண்டிருந்தாள்.