சேலை கட்டியவரும் திரைக்குப் பின்னால் நானும்

அந்த ஆள் மேல் எனக்கிருக்கும் கோபங்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தேன். என் பேச்சைத் திருடியது மூன்றாவதாகத்தான் வந்தது.

அவர் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. பட்டுநூல் கடையில் வேலை, மற்ற நேரத்தில் பலகுரல் கலைஞர். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் கோயில் திருவிழாவுக்கு விகடக் கச்சேரிக்காரர் வருவார். பக்கத்தில் மிருதங்கம், ஆர்மோனியம். ஒரு கதையைத் தொடங்கினால் சாவகாசமாகப் போய்க்கொண்டிருக்கும். இப்போது யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை. கல்யாண வரவேற்பில் இரண்டு பாட்டுக்கு நடுவே ஒருவர் தனியாக மைக் முன்னால் வந்து நிற்கிறார். நாலு நடிகர்களின் குரலில் பேசுகிறார். சேலையைச் சுற்றிக்கொண்டு மாமியார் மருமகள் சண்டை போட்டுக் காட்டுகிறார். மாலையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இவரை வெளியூர்களுக்கு, தென்னேரி வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் மேடை நலங்குதான். நலங்கில் பெண்கள் மட்டும் கூடி மாப்பிள்ளை வீட்டைக் கிண்டல் செய்வோம். அங்கே யாரை வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சித்தப்பா மகளின் நலங்கில், மணப்பெண்ணே பேசுவதுபோல நான் பேசியது இது:

“எங்க வீட்லயே ரெண்டு தறி ஓடுது. இருந்தாலும் மாமியாருக்குக் கடைப் பொடவைதான் வேணுமாம். கடைக்குப் போனோம். பொடவையைத் திருப்பிப் பார்த்தாங்க. கரையை இழுத்துப் பார்த்தாங்க. ஜரிகையை நகத்தால சுரண்டிப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா என் பக்கம் திரும்பினாங்க. நான் கையைப் பின்னாடி கட்டிக்கினேன்.”

எழுதினால் அவ்வளவுதான். ஆனால் ‘என் பக்கம் திரும்பினாங்க’ என்றதும் நிறுத்த வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைத் தறிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. எங்கள் வீடுகளில் பேசுவதென்றால் தறியின் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில்தான் பேச முடியும். முக்கியமான வார்த்தையை அடியோடு சேர்த்து விட்டால் யார் காதிலும் விழாது. வீட்டில் சொல்லிப் பார்த்து, எந்த வார்த்தையில் சிரித்தார்கள், எதில் சும்மா இருந்தார்கள் என்று குறித்து, மாற்றி மாற்றி அமைத்தேன். பாலிடெக்னிக்கில் பழுதான ரேடியோவைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த அதே முறை.

அடுத்த அமாவாசைக்கு எங்கள் தெரு மன்றத்தில் நிகழ்ச்சி. அமாவாசையன்று தறி ஓடாது என்பதால் எங்கள் பகுதியான பிள்ளையார்பாளையமே வந்துவிடும். அவர் சேலை கட்டிக்கொண்டு வந்து என் பேச்சை ஆரம்பித்தார். எந்த ஜன்னலில் நின்று கேட்டாரோ தெரியவில்லை, வரிசை மாறாமல் சொன்னார். முடிவை மட்டும் மாற்றிவிட்டார். அவர் கதையில் மாமியார் பெண்ணின் கன்னத்தையே சுரண்டினாள், பவுடர் வந்துவிட்டது, உள்ளே கறுப்பு. ஆண்கள் பகுதி உருண்டு புரண்டு சிரித்தது.

என் சிரிப்பு சுரண்டுகிறவள் மேல். அவர் அதைப் பிடுங்கிச் சுரண்டப்படுகிறவள் மேல் போட்டார். வரிசையில் முதல் கோபம் இதுதான். இரண்டாவது, கேட்கப் போனபோது அவர் சொன்ன பதில்.

“நலங்குல பேசினது ஊருக்கே பொதுவு தங்கச்சி. அதுக்குப் போய் யாராவது சொந்தம் கொண்டாடுவாங்களா?”

“அப்ப நானே மேடையில பேசறேன் அண்ணா. அதுவும் ஊருக்குப் பொதுவுதானே?”

சிரித்தார். மன்றத்துச் செயலாளரிடம் போனேன். அவர்களுடைய மைக் செட் நின்றுபோகும்போதெல்லாம் சரிசெய்து கொடுப்பவள் நான்தான். அதனால் உட்காரச் சொன்னார்.

“உன் திறமையைப் பத்தி எனக்குத் தெரியாதாமா? ஆனா வயசுப் பொண்ணு மைக் முன்னால நின்னு பல்லைக் காட்டினா நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? நான் ஒண்ணு சொல்றேன். நீ திரைக்குப் பின்னால நின்னு பேசு. அவன் முன்னால சேலை கட்டிக்கினு வாயசைக்கட்டும். குரல் உன்னுது, மூஞ்சி அவன்து. புதுசாவும் இருக்கும்.”

பெண் பேசினால் மானம் போகும், ஆண் பெண்ணாக நின்றால் போகாது. இதை அவர் எனக்கு நல்லது செய்கிற முகத்தோடு சொன்னார். நான் சரி என்றேன். என் வார்த்தைகள் என் குரலில் ஒருமுறையாவது அந்த ஊரின் காதில் விழ வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஒத்திகையிலும் ஒழுங்காக எழுதியதையே பேசினேன்.

அமாவாசை வந்தது. புடவைக் கடைக் கதையை என் முடிவோடு சொன்னேன். திரையின் இடுக்கு வழியாக அவர் முதுகு தெரிந்தது. நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நல்ல சிரிப்பு. அதற்கு மேல் எழுதி வைத்ததைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

“அன்னிக்கு நலங்கு. ஜன்னலாண்ட ஒரு காது தெரிஞ்சுது. ‘யாருபா அது’ன்னு கேட்டேன். ‘நான்தான்மா, பொம்பளைங்க பேசறதைக் கேட்டுக்கினு இருக்கறேன். எனக்குச் சொந்தமா ஒண்ணும் தோணாது’ன்னுது அந்தக் காது.”

அவர் தோள் விறைத்தது. ஆனாலும் வாயசைக்காமல் என்ன செய்வார்? தன்னைப் பற்றியே தன் வாயால் சொல்லிக்கொண்டு நின்றார். நடுவில் நான் பேச்சை நிறுத்தினேன். குரல் இல்லாமல் அவர் தாடை மட்டும் அசைவது பின்னாலிருந்தே தெரிந்தது.

கூட்டம் அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தது.

“மைக்கு போயிடுச்சி மாதிரியே செய்றான் பாரு.”

“கில்லாடிப்பா இவன்.”

விசில் பறந்தது. அவர் திரும்பி இடுக்கு வழியாக என்னைப் பார்த்துவிட்டு, கூட்டத்தைக் கும்பிட்டார். அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஸ்டாண்டிலிருந்து மைக்கைக் கழற்றிக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்தேன்.

“மைக் நல்லாத்தான் இருக்குது. இவ்வளவு நேரம் பேசினது நான்.”

சிரிப்பு பட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் முன்பு சிரித்த அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னேன். திருப்பிப் பார்த்தாங்க, இழுத்துப் பார்த்தாங்க, சுரண்டிப் பார்த்தாங்க. ஆண்கள் பகுதியில் எல்லாரும் செயலாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பகுதியில் ஒருத்தி, எங்கள் தெருவில் நூல் இழைப்பவள், சத்தமாகச் சொன்னாள்: “என்னையும் இதே மாதிரிதான்டி பார்த்தாங்க.” அவளைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பின்வரிசை வரைக்கும் போனது அந்தச் சிரிப்பு. நான் அவர்களைப் பார்த்தே பேசினேன், செயலாளர் ஆம்ப்ளிஃபையரை அணைக்கும் வரைக்கும்.

அதற்குப் பிறகும் அந்தத் திரை ஆட்டம் நடக்கிறது. பின்னால் குரல் கொடுக்க அந்த ஆள் ஒரு ஆணைப் பிடித்துக்கொண்டார். முடிவு மறுபடியும் பவுடர்தான்.

போன வாரம் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மன்றத்தின் மைக் செட் மறுபடியும் நின்றுவிட்டதாம்.

“நடந்தது நடந்துபோச்சி. எல்லார் எதிரிலயும் ஒரு மன்னிப்பு கேட்டுடுமா. முன்ன மாதிரியே வந்து போய்க்கினு இரு.”

“கேக்கறேன் அண்ணா. மைக்கைக் குடுங்க, அதுலயே கேக்கறேன்.”

காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.